வாவலர் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

எங்க ஊரு தங்கச்சிமடம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, போட்டுக்குப் போற பயலுக பூரா வெட்டியா கெடப்பானுக, அப்படி ஒரு தடைக்காலத்துல எங்க வீட்டு மொட்டமாடில ஆரம்பிச்சதுதான் இந்த ஆட்டம். நான் கதை சொல்லுவேன், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறி "நான் இப்ப இதச் செய்றேன்"ம்பாங்க, அது பலிச்சுச்சா இல்லையான்னு தாயக்கட்டை சொல்லும். கதை நடக்குறது நம்ம ராமநாதபுரம் கடற்கரைதான், ஆனா பாம்பன்ல ரயில் பாலம் வர்றதுக்கு முந்தி, அதாவது 1914க்கு முன்னாடி. அதுல நானா சேத்துவிட்ட ஒரு சனம்தான் வாவலர், றெக்கை வச்ச, வவ்வால் ஜாடையில இருக்குற மனுசங்க. புதுசா ஆட வர்ற ஒவ்வொருத்தரும் இதே கேள்வியத்தான் கேக்குறாங்க, பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே வச்சுட்டேன்.

வாவலா? அது மீனாச்சே?

மொத நாள் பேரச் சொன்னதுமே என் மாப்ள "வெள்ளையா கருப்பா, கிலோ என்ன வெல"ன்னு கேட்டான். வெள்ள வாவல், கருப்பு வாவல்னு நாம ஏலத்துல பாக்குற மீனும் வாவல்தான், வவ்வாலுக்குப் பழைய தமிழ்ப் பேரும் வாவல்தான். அந்த மீன கையில வச்சு மேல கீழ செதில விரிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் ஏன் ஒரே பேருன்னு தெரியும். பேர மாத்தச் சொல்லி ரெண்டு வருசமா நச்சரிக்கிறாங்க, மாத்தப் போறதில்ல.

றெக்கை முதுகுல இருக்கா, கையிலயா?

கைதான் றெக்கை. இதுல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாரும் வரையுறப்ப ஒரு சாதாரண மனுசன வரைஞ்சுட்டு முதுகுல ரெண்டு றெக்கைய ஒட்டவச்சுடுறாங்க. எண்ணிப் பாருங்க, ரெண்டு காலு ரெண்டு கை ரெண்டு றெக்கை, மொத்தம் ஆறு. முதுகெலும்பு உள்ள எந்த உயிருக்கும் ஆறு கிடையாது, குருவியாகட்டும் வவ்வாலாகட்டும் முன்னங்கால குடுத்துத்தான் றெக்கைய வாங்கியிருக்கு. வவ்வால் கூட்டத்துக்கு விஞ்ஞானத்துல கைரோப்டெரான்னு பேரு, அதுக்கு அர்த்தமே கை-றெக்கைதான். கட்டவிரல் மட்டும் நகத்தோட தனியா நிக்கும், மத்த நாலு விரலும் கம்பி கணக்கா நீண்டு அதுக்கு இடையில தோலு, குடை மாதிரி. அந்தத் தோலு அப்படியே ஒடம்பு ஓரமா வந்து காலோட சேரும்.

வாவலருக்கும் அதேதான். ஒவ்வொரு விரலும் கிட்டத்தட்ட அவங்க உயரத்துக்கு நீளம், மடக்குனா முழங்கைப் பக்கமா ஒட்டிக்கும். அப்படின்னா அவங்களுக்குக் கை கிடையாது. கட்டவிரல் நகத்தால கொக்கி மாதிரி மாட்டலாம், அவ்வளவுதான். வலை பின்ன முடியாது, பானை வனைய முடியாது, வில்லு பிடிக்க முடியாது. எல்லா வேலையும் காலுலதான். ஒரு கால்ல தொங்கிக்கிட்டு இன்னொரு கால்ல பழத்தப் பிடிச்சுத் திங்கும், நெசமான பழந்தின்னி வவ்வாலும் அப்படித்தான் திங்குது. முடிச்சுப் போடுறது காலும் பல்லும் சேந்து. அதனால அவங்ககிட்ட ஆயுதம், பாத்திரம், பூட்டு, சாவி எதுவும் இல்ல, அதெல்லாம் வேணும்னா மனுசங்ககிட்டதான் வரணும். என் கதையில வர்ற முக்காவாசி சண்டையும் சமாதானமும் இந்த ஒரு எடத்துல இருந்துதான் கெளம்புது. ஆட வர்றவங்க "வாவலனா இருந்துக்கிறேன், ஆனா ரெண்டு கையில வாளு வேணும்"னு கேட்டா, ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கங்கன்னு சொல்லிருவேன்.

அவ்வளவு பெரிய ஒடம்பு பறக்குமா? கணக்கு இடிக்கலையா?

இடிச்சுச்சு, ஒரு வாரம் தூக்கம் இல்ல. கணக்க நீங்களே போட்டுப் பாக்கலாம். நம்ம ஊரு பழந்தின்னி வவ்வால் சுமாரா ஒரு கிலோ, றெக்கை விரிச்சா 1.2 மீட்டர்னு வைங்க. அத அப்படியே அஞ்சு மடங்கு பெருசாக்குனா றெக்கை வீச்சு 6 மீட்டர் வரும், றெக்கையோட பரப்பு 25 மடங்கு ஆகும், ஆனா எடை 125 மடங்கு ஏறிடும், நீளம் அகலம் கனம் மூணும் பெருகுதுல்ல. 125 கிலோ, அதத் தூக்க 25 மடங்கு றெக்கைதான். செங்கல்லுக்கு றெக்கை கட்டுன மாதிரி பொத்துன்னு விழும்.

அதனால திருப்பிப் போட்டேன். 25 மடங்கு பரப்பு 25 கிலோவத்தான் வவ்வால் மாதிரி லேசா தாங்கும். அப்ப ஆளு 25ல இருந்து 30 கிலோவுக்குள்ள இருக்கணும். உயரம் நாலே முக்கால் அடி, நெஞ்சு மட்டும் கட்டையா அகலமா, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி குச்சிக் காலு, எலும்பெல்லாம் மெல்லிசு. ஒருத்தன் ஒரு அடி வச்சா முறிஞ்சிரும். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஒடம்பு பெருசாகப் பெருசாக தசைக்கு அந்த அளவு வலு பத்தாது, ராத்திரி பூரா றெக்கைய அடிச்சுக்கிட்டே போக முடியாது. அங்கதான் நம்ம கடற்கரை கைகுடுக்குது. ஆடி மாசம் தனுஷ்கோடிப் பக்கம் போயிருக்கீங்களா, மணல் மூஞ்சில ஊசி மாதிரி குத்தும், அந்தக் காத்துல சாஞ்சுக்கிட்டே போயிருவாங்க. காத்தில்லாத ஊருல வாவலர் கிடையாது. மதுரையில ஏன் வாவலர் இல்லன்னு கேட்டதுக்கும் இதான் பதில்.

என்னையத் தூக்கிக்கிட்டுப் பறப்பாங்களா?

மாட்டாங்க. மூணு கிலோவுக்கு மேல எதுவும் ஆகாது, பச்சப்புள்ளயக் கொண்டுபோற கணக்கு அது. பழந்தின்னி வவ்வாலும் பொறந்த குட்டிய கொஞ்ச நாளைக்கு நெஞ்சுல ஒட்டவச்சுக்கிட்டே பறக்கும். ஓலைக் கடுதாசி, மருந்து, ஒரு சின்னக் கருப்பட்டிக் கொட்டான், அதுக்குள்ள முடிச்சுக்கங்க.

தரையில இருந்து எழும்ப முடியாதாமே?

முடியாது, அதான் அவங்களோட பெரிய பலவீனம். பழந்தின்னி வவ்வால் தரையில விழுந்தா பெரும்பாலும் தவழ்ந்து போயி ஒரு மரத்துல ஏறி, அங்கருந்து விழுந்துதான் திரும்பப் பறக்கும். வாவலர் கெளம்புறதே விழுறதுதான், கெளையில இருந்து கால விடுவாங்க, விழுவாங்க, பாதியில றெக்கை காத்தப் பிடிக்கும். அதனால உசந்த பனைமரம் இருக்குற எடமெல்லாம் அவங்களுக்கு ஊரு. உப்பளம், சேத்துத் தரவை, வெறும் மணல்திட்டு இதெல்லாம் சாவு.

போன வருசத்துக்கு முந்துன வருசம் இத வச்சே ஒரு ராத்திரி ஓடுச்சு. எங்ககூட ஆடுற டீச்சரக்காவோட பாத்திரம் வைகறைன்னு ஒரு வாவலப் பொண்ணு, அரிச்சல்முனை மணல்ல வந்து விழுந்துட்டா. சுத்தி ரெண்டு கடலு, ஒரு மரம் கெடையாது, விடிஞ்சா வெயிலு. மாப்ளயோட பாத்திரம் வல்லத்துக்காரன், மொதல்ல அவளத் தோள்ல ஏத்தி நின்னான், பத்தல, உயரம் காணாது. வல்லத்துப் பாய்மரத்துல ஏத்தப் பாத்தா மரம் ஆடுது, தோலு கிழிஞ்சிருமோன்னு அவ கத்துறா. அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை, "அண்ணே இப்ப வாடைதான அடிக்குது, பட்டம் விடுறப்ப காத்துக்கு எதிரா ஓடுவோம்ல, அவளத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாடைக்கு எதிரா ஓடுறேன், அவ றெக்கைய விரிச்சுக்கட்டும்". 28 கிலோவத் தலைக்கு மேல, மணல்ல, ஓட்டம். நான் தாயம் விழணும்னு சொன்னேன், விழுந்துச்சு. மாடில போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுப் பெரியம்மா எந்திரிச்சு வந்து ஏசுனது தனிக்கதை. ஆனா அன்னைலருந்து விதி ஆகிப்போச்சு, நல்ல காத்து இருந்து, தூக்கி ஓட ஒரு மனுசன் இருந்தா, தரையில இருந்தும் கெளம்பலாம்.

ரத்தம் குடிப்பாங்களா?

குடிக்க மாட்டாங்க. ரத்தம் குடிக்கிற வவ்வால் உலகத்துலயே மூணு வகைதான், மூணும் மெக்சிகோவுல இருந்து தென் அமெரிக்கா வரைக்கும் உள்ளது, இந்தியாவுல ஒண்ணு கூட இல்ல. படம் பாத்துக் கெட்டுப் போயிட்டீங்க.

கண்ணு தெரியாதுல்ல? கத்திக் கத்தித்தான பறப்பாங்க?

இதுல ரெண்டு கூட்டம் இருக்கு, நெசத்துலயும் சரி கதையிலயும் சரி. பழந்தின்னி வவ்வாலுக்குக் கண்ணு நல்லாவே தெரியும், கண்ணாலயும் மூக்காலயும்தான் போகும், சத்தத்த வச்சுப் பாக்குற வேலை அதுக்கு இல்ல. பூச்சி திங்குற சின்ன வவ்வால்தான் நம்ம காதுக்கு எட்டாத சத்தத்த விட்டு, அது மோதித் திரும்புறத வச்சு வழி பாக்கும். அதே மாதிரி என் கதையில பெருவாவலர், சிறுவாவலர்னு ரெண்டு குலம். பெருவாவலர் ராத்திரி நட்சத்திரத்தப் பாத்துக் கடல் தாண்டுவாங்க. சிறுவாவலர் இருட்டு மண்டபத்துல, கெணத்துக்குள்ள எல்லாம் சுத்துவாங்க, கும்மிருட்டுல தொங்குற வலைக்கயிறக்கூட இடிக்காமப் போயிருவாங்க, ஆனா நடுக்கடலுக்கு வர மாட்டாங்க. அந்த மாதிரி கீச்சுச் சத்தம் காத்துல ரொம்ப தூரம் போகாது, கடல் நடுவுல கத்துனா திரும்பி வர்றதுக்கு எதிர்ல ஒண்ணும் இருக்காது, குருட்டுத்தனமா ஆயிரும்.

இன்னொரு கூத்தும் உண்டு. அமைதியான தண்ணி மேல சத்தம் கண்ணாடியில பட்ட மாதிரி வழுக்கி எதிர்ப்பக்கம் போயிரும், அதனால வழவழன்னு படுத்துக் கெடக்குற எதையுமே சின்ன வவ்வால் தண்ணின்னு நெனைச்சுக்கும், உலோகத் தகடு வச்சுப் பாத்ததுல அதுல குனிஞ்சு குடிக்கப் போயிருக்கு. இத வச்சு எங்க ஆட்டத்துல கீழக்கரையில ஒரு கப்பல்காரர் வீட்டு மினுக்குற தரையில சிறுவாவலன் ஒருத்தன் பாஞ்சு வந்து நாக்க வச்சுட்டான், வீட்டுக்கார உம்மாவுக்கு வந்த கோவம் இருக்கே.

தலைகீழா தொங்குனா தல சுத்தாதா? அப்புறம்... ஒண்ணுக்கு?

எல்லாரும் இதக் கேக்கத்தான் வர்றீங்க, மத்த கேள்வியெல்லாம் சும்மா.

தொங்குறதுக்கு வவ்வால் மெனக்கெடவே வேணாம். ஒடம்பு எடை கீழ இழுக்க இழுக்க கால் நரம்பு தானா பூட்டிக்கும், விரல் மடங்கியே நிக்கும், விடுறதுக்குத்தான் முயற்சி வேணும். ஒண்ணுக்கு ரெண்டுக்குன்னா பழந்தின்னி வவ்வால் கட்டவிரல் நகத்தால கெளையப் பிடிச்சுக்கிட்டு, கால விட்டுட்டு, தலை மேல கால் கீழன்னு நேராத் திரும்பிக்கும். முடிச்சு உதறிட்டு மறுபடி தலைகீழ். வாவலரும் அதேதான், அதனால அவங்ககிட்ட ஒருத்தர் நேரா நிமிந்து தொங்குனா பக்கத்துல உள்ளவங்க மரியாதையா மூஞ்சியத் திருப்பிக்கணும். ஒரு மனுசன் வந்து அவங்க முன்னாடி எப்பவும் தலை மேல கால் கீழ நிக்கிறத வாவலப் புள்ளைக பாத்தா சிரிக்கிறதுக்குக் காரணம் இதான்.

விருந்தாளியா வந்தா எப்படி உக்கார வைக்கிறது?

பாய் போட்டா அது அவமானம், தரையில கெடன்னு சொல்ற மாதிரி. உத்தரத்துல ஒரு கயிறு கட்டணும், இல்ல ஒரு கழிய குறுக்க போடணும். வவ்வால் வீட்டுக்கு வவ்வால் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு பழமொழி இருக்குல்ல, வாவலர் மத்தியில அத கேலியா இல்ல, பெருமையாச் சொல்லுவாங்க. வயசுல மூத்தவங்க மேல் கெளை, இளசுக கீழ் கெளை. ஏன்னு கேக்காதீங்க, போன கேள்விய மறுபடி படிங்க, புரியும்.

பேரு வைக்கிறது சிறுபொழுதுல. மொத மொத கெளைய விட்டுப் பறந்த நேரம் எதோ அதான் பேரு, மாலை, யாமம், வைகறை. எற்பாடுன்னு ஒருத்தன் இருக்கான், சூரியன் சாயுறதுக்குள்ள அவசரப்பட்டுக் குதிச்சவன், சாகுற வரைக்கும் அந்தக் கேலி அவன விடல.

என்ன சாப்பாடு?

அத்தி, ஆலம்பழம், நாவல், மா, இலுப்பப்பூ. பனைதான் பிரதானம். பங்குனி சித்திரையில சாயல்குடிப் பக்கம் பாளை சீவுற நேரத்துல வாவலருக்குத் திருவிழா. பதநீருக்குன்னா முட்டியில உள்ள சுண்ணாம்பு தடவுவாங்க, அப்பதான் புளிக்காது, சுண்ணாம்பு போடலைன்னா கள்ளு. பனையேறிக்கும் வாவலருக்கும் ஒரு எழுதாத ஒப்பந்தம், சுண்ணாம்பு முட்டியத் தொடக்கூடாது, கடைசி மரத்துக் கள்ளு முட்டி ஒண்ணு அவங்களுக்கு. கள்ளு குடிச்ச வாவலன் கெளைய விட்டுட்டு றெக்கைய விரிக்க மறந்துட்டான்னா என்ன ஆகும்னு ஒருத்தன் கேட்டான், என்ன ஆகும், விழுவான்.

அப்புறம் பெருக்க மரம். நம்ம மாவட்டத்துல அங்கங்க யானைக்கால் மாதிரி பருத்து நிக்குமே, பொந்தன்புளின்னும் சொல்லுவாங்க, ஆப்பிரிக்கா மரம், அரபு வியாபாரிக கொண்டுவந்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் கரையில மன்னார்லயும் இருக்கு. அதோட பூ வெள்ளையா, நீளக் காம்புல தலைகீழா தொங்கும், பொழுது சாயத்தான் விரியும், மறுநாள் வாடிக் கொட்டிரும். ஆப்பிரிக்காவுல அத மகரந்தம் சேக்குறதே பழந்தின்னி வவ்வால்தான். தலைகீழா பூக்குற மரம், தலைகீழா தொங்குற சனம், இத நான் கற்பனை பண்ணல, மரமே குடுத்துச்சு. வாவலருக்கு அது கோயில் மாதிரி.

அவங்க கனவு காண்பாங்களா?

இந்தக் கேள்விய காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டுச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. நற்றிணையில ஒரு நெய்தல் பாட்டு இருக்கு, 87வது. உள்ளூர் மாமரத்துக் கெளையில தூங்குற வாவல், சோழ நாட்டு அழிசியோட காட்டுல இருக்குற நெல்லிக்காயோட புளிப்பச் சுவைக்கிற மாதிரி கனவு காணுதாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன ஒருத்தர் மரத்தடியில நின்னு தூங்குற வவ்வாலப் பாத்து, இது இப்ப என்ன கனவு காணுதுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க. அதனால வாவலருக்குக் கனவுல உருவம் வராது, ருசி மட்டும்தான் வரும். காலையில எந்திரிச்சு, அவங்களுக்கு அது பொழுதடையுற நேரம், "இன்னைக்கு என்ன ருசி"ன்னுதான் ஒருத்தர ஒருத்தர் கேப்பாங்க. உப்பு வந்தா கடல் கடக்கக்கூடாது.

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்சுல வாவலர் தங்குறதா வைக்கலாமே, செமையா இருக்கும்ல?

வைக்க மாட்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாசஞ்சர் ரயிலே கடலோட போச்சு, ஊரே போச்சு, அதுல ஆளப் பறிகொடுத்த குடும்பம் இன்னும் எங்க தெருவுல இருக்கு. அந்தச் சொவத்துல பேய்க்கதை தொங்கவிட எனக்கு மனசு வரல. எங்க கதை நடக்குற காலத்துல தனுஷ்கோடி உயிரோட இருக்கு, அப்படியே இருக்கட்டும். தங்குறதுக்குக் குருசடைத் தீவு, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவுன்னு மன்னார் வளைகுடாவுல 21 தீவு கெடக்கு.

வாவலருக்கு பார்டர் உண்டா?

கேட்டது போட்டுக்குப் போற மாப்ளதான், வேற யாரு கேப்பா. கடல்ல கோடு வந்தது 1974லயும் 76லயும், நம்ம கதை அதுக்கு ரொம்ப முந்தி, அதனால கிடையாது. தனுஷ்கோடில இருந்து தலைமன்னார் சுமாரா 30 கிலோமீட்டர், இரை தேடிப் போற பழந்தின்னி வவ்வால் ஒரு ராத்திரியில அந்த தூரமெல்லாம் சாதாரணமாப் போகும். இந்தக் கரையில அத்தி, அந்தக் கரையில பெருக்க மரப் பூ, விடியுறதுக்குள்ள வீடு. இதச் சொன்னப்ப மாப்ள ஒண்ணும் பேசல, தாயக்கட்டைய உருட்டிக்கிட்டே இருந்தான்.

வில்லனா வைக்கலாமா?

கெட்டவன் இருக்கலாம், கெட்ட குலம்னு கிடையாது. 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னி வவ்வால காக்கா, எலி வரிசையில நாசம் பண்ற உயிர்னு பட்டியல் போட்டு வச்சிருந்தாங்க, 2022ல சட்டத்தத் திருத்துனப்பதான் அந்தப் பட்டியலே போச்சு. அம்பது வருசம் பழி சுமந்த உயிரு, கதையிலயும் எதுக்கு.

இதெல்லாம் கேட்டு என் மகன் வவ்வால் பிடிக்கக் கெளம்பிட்டான், என்ன செய்ய?

மொதல்ல தடுங்க. கையால தொடக்கூடாது, வவ்வால் கடிச்சுப் போட்ட பழத்தத் திங்கக்கூடாது, 2018ல கேரளாவுல நிபா வந்தது ஞாபகம் இருக்கும். கீழ நின்னு அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க, வாய மூடிக்கிட்டு.

படம் வரைய டிப்ஸ்?

முழங்கால் பின்பக்கம் மடங்கணும், வவ்வாலுக்கு அப்படித்தான். வெயில் நேரத்துல வரைஞ்சா றெக்கையால விசிறிக்கிற மாதிரி போடுங்க. முதுகுல றெக்கை வரைஞ்சு அனுப்புனா பாக்கவே மாட்டேன்.

வாவலர் செத்தா புதைப்பாங்களா எரிப்பாங்களா?

ரெண்டும் இல்ல. கால் தானா பூட்டிக்கும்னு சொன்னேன்ல, தூக்கத்துல செத்த வவ்வால் சமயத்துல அப்படியே தொங்கிக்கிட்டே இருக்கும், விழாது. வாவலர் செத்தவங்கள எடுக்க மாட்டாங்க. தானா விழுற வரைக்கும் அந்தக் கெளையில வேற யாரும் தொங்க மாட்டாங்க, விழுந்த அன்னைக்குத்தான் அழுகை.

டீச்சரக்காவோட வைகறை போன தடைக்காலத்துல, கடைசி ஆட்டத்துல, செத்துப் போனா. பெருக்க மரத்துல விட்டுட்டு வந்தோம். இந்த ஏப்ரல்ல மறுபடி மாடி ஏறுனப்ப அக்கா புதுப் பாத்திரத்துக்குப் பேர் எழுதிக்கிட்டு இருந்தாங்க, எழுதிக்கிட்டே நிமிராம, "தம்பி, அவ விழுந்துட்டாளாடா?"ன்னாங்க.

இல்லக்கா, இன்னும் தொங்குறான்னு சொன்னேன்.